உள்ளச் சோர்வும் மின்வலிப்பு மருத்துவமும்

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து கேட்ட ஐயமே இக்கட்டுரைக்கு வித்து. இழிவுபடுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமை என்னும் நான்கின் வழியே அழுகை பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்திருப்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, இந்த நான்கும் இல்லாமல், காரணம் எதுவுமே சொல்லத் தெரியாமல் ஒருவர் மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் அது எதில் அடங்கும்? அழக்கூட முடியவில்லை என்கிறாரே?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மாலையில் துறை அறைக்கு வந்து அவரே விளக்கினார். உப்பளத்தில் கணக்கு எழுதிவந்த தந்தை நான்கு மாதங்களாகப் பாயை விட்டு எழவில்லையாம். உணவு இறங்கவில்லை. மருந்துகள் பல மாற்றியும் பயனில்லாமல் போகவே, மருத்துவர் 'ஷாக்' வைக்கலாம் என்கிறாராம். வீட்டிலும் தெருவிலும் ஆளுக்கொரு பேச்சு. மூளை கருகிவிடும் என்கிறார் ஒருவர். பெற்ற பிள்ளையின் முகமே மறந்துவிடும் என்கிறார் மற்றொருவர். "கையெழுத்துப் போடலாமா ஐயா?" என்பதே அவருடைய வினா. தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினா அன்று. ஆயினும் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் அந்த மருத்துவத்தை இருமுறை பெற்றவர் என்பதாலும், அது குறித்துப் பல ஆண்டுகளாகப் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் வருபவன் என்பதாலும், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று சொன்னதையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். பெயரே பாதிப் பயத்தை உண்டாக்குகிறது. 'ஷாக் வைப்பது', 'கரண்டு கொடுப்பது' என்று மக்கள் வழங்குகின்றனர். 'மின்னதிர்ச்சி' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதிர்ச்சி என்னும் சொல் தண்டனையை நினைவூட்டுகிறது. அறுந்து விழுந்த மின்கம்பியை நினைவூட்டுகிறது. உண்மையில் இம்மருத்துவத்தில் நோயைத் தீர்ப்பது மின்சாரமும் அன்று, அதிர்ச்சியும் அன்று. மின்சாரம் மூளையில் சிறிது நேரம் ஒரு வலிப்பை எழுப்புகிறது, அவ்வலிப்பே மருந்து. ஆதலின் 'மின்வலிப்பு மருத்துவம்' என்று சொல்வதே பொருந்தும். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறேன்.

நம் கடலில் மின்திருக்கை என்றொரு மீன் உண்டு. வலையிலிருந்து அதனைக் கையால் எடுத்த மீனவர் கை மரத்துப்போகும். கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்னும் உரோமானிய மருத்துவர், இவ்வகை மீனைத் தலைவலிக்காரரின் நெற்றியில் வைத்து மருத்துவம் செய்யலாம் என்று எழுதிவைத்தார். மின்வலிப்பு மருத்துவத்தின் முன்னோடி இம்மீனே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. மீன் தந்தது மரத்துப்போதலை; வலிப்பை அன்று. இருப்பினும் கடற்கரைக்காரன் ஆகையால் இதனைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

வலிப்பை மருந்தாக எண்ணியவர் அங்கேரி நாட்டு மருத்துவர் மெதூனா. 1934ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில், முதலில் கற்பூரத்தையும் பின்பு வேறொரு வேதிப்பொருளையும் ஊசி வழியே செலுத்தி வலிப்பை உண்டாக்கினார். அசைவற்று வாய் மூடிக் கிடந்த நோயாளர் சிலர் எழுந்து பேசினர். ஆனால் ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடைப்பட்ட கணங்கள் சொல்லொணா அச்சத்தைத் தந்தன. ஒருமுறை அதனை அனுபவித்தவர் மறுமுறை ஓடி ஒளிந்தார். 1938 ஏப்ரலில் உரோம் நகரில் செர்லெத்தி, பினி என்னும் இருவர் அதே வலிப்பை மின்சாரத்தால் உண்டாக்கிக் காட்டினர். நோயாளர் அக்கணமே நினைவிழந்தார். எனவே அந்த அச்சம் நேரவில்லை. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் இம்முறை பரவியது. மனச்சோர்வுக்கு மாத்திரை என்ற ஒன்றே இல்லாத காலம் அது. முதல் மாத்திரைகள் 1950களின் பிற்பகுதியில்தான் வந்தன.

இம்மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் வந்ததும் அக்காலத்தில்தான். மயக்க மருந்து இல்லாமல், நான்கு பேர் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, விழித்திருப்பவருக்கு மின்சாரம் செலுத்தப்பட்டது. வலிப்பின் வேகத்தில் தசைகள் இறுகி முதுகெலும்பு நொறுங்கியவர் உண்டு. பல் உடைந்தவர் உண்டு. அடங்காதவரை அடக்குவதற்கென்றே அதனைப் பயன்படுத்திய மருத்துவமனைகளும் இருந்தன. நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃபிரேம், தவறாகக் கணிக்கப்பட்ட ஒரு நோய்க்காக இருநூறு முறைக்கு மேல் இம்மருத்துவத்துக்கு உட்படுத்தப்பட்டார். மூளையில் அறுவை செய்வதற்கும் நாள் குறித்திருந்தனர். அவருடைய முதற் சிறுகதைத் தொகுதிக்குப் பரிசு கிடைத்த செய்தி வரவே அறுவை கைவிடப்பட்டது. இலக்கியம் ஓர் உயிரைக் காத்தது என்று நாம் மேடைகளில் அணியாகச் சொல்வதுண்டு. இங்கே அது வெறும் செய்தி.

1940இல் அமெரிக்காவில் தசைகளைத் தளர்த்தும் மருந்தினை முன்கூட்டியே செலுத்தும் முறை புகுந்தது. 1950களில் அதற்கு மேலும் பாதுகாப்பான மருந்தும், கூடவே மயக்க மருந்தும் வழக்கத்துக்கு வந்தன. இன்றைய மருத்துவத்துக்கும் பழைய மருத்துவத்துக்கும் உள்ள வேற்றுமை, மயக்கமின்றி அறுத்ததற்கும் மயக்கம் கொடுத்து அறுப்பதற்கும் உள்ள வேற்றுமை போன்றது. ஆனால் திரைப்படம் காட்டுவதெல்லாம் பழைய காட்சியையே. நம் மனத்தில் பதிந்திருப்பதும் அதுவே.

இனி நோயைப் பற்றி. மனச்சோர்வு நோய் என்பது துக்கம் அன்று. துக்கத்துக்குப் பொருள் உண்டு, காலம் உண்டு, ஆறுதல் உண்டு. நோயாகிய சோர்வுக்கு அவை இல்லை. உறக்கம் விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும். நாவில் சுவை நிற்காது. பெற்ற பிள்ளை மடியில் ஏறினாலும் மகிழ்ச்சி தோன்றாது. செய்யாத குற்றத்துக்குத் தன்னையே பழிக்கும். சாவதே நல்லது என்னும் எண்ணம் நிழல்போல் உடன்வரும். தேசிய மனநல ஆய்வு 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்டபோது, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்வில் என்றேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் எனத் தெரியவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு மின்வலிப்பு மருத்துவம் தேவையே இல்லை. பேச்சு வழிச் சிகிச்சை, மாத்திரை, குடும்பத்தின் அணைப்பு ஆகியவை போதும். மாத்திரைகள் பலவும் தோற்றபின், அல்லது உணவையும் நீரையும் மறுத்து உயிர் ஊசலாடும்போது, அல்லது தற்கொலை எண்ணம் முற்றி நாட்கணக்கில் காத்திருக்க இயலாதபோது, அல்லது உடல் மரம்போல் விறைத்துப் பேச்சற்றுக் கிடக்கும்போதுதான் மருத்துவர் இதனை நாடுவார். பிள்ளை பெற்ற சில நாட்களில் கடுமையான மனநோய்க்கு ஆளாகும் தாய்மார்க்கும் இது பயன்படுகிறது.

என் சாச்சியின் நிலை அத்தகையதாகத்தான் இருந்தது. 2006ஆம் ஆண்டு. அவருடைய இளைய மகளுக்கு நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு அவருடையது. தெருவிலேயே அதிகம் பேசுகிறவரும் அவரே. நிக்காஹ் வேலைகளின்போதே சற்று ஒடுங்கியிருந்தார். களைப்பு என்று எண்ணினோம். பிறகு கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே நிற்கத் தொடங்கினார். சமையலை விட்டார், பேச்சை விட்டார், பின்பு உணவையும் விட்டார். கண்ணேறு என்றார்கள், ஓதிப் பார்த்தோம். சென்ற இடத்திலெல்லாம் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள்; அந்தத் தண்ணீரைக்கூட அவர் விழுங்கவில்லை. எடை 20 கிலோ குறைந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அதன் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. மாத்திரைகளில் ஆறு வாரம் கழிந்தபின், மின்வலிப்பு மருத்துவமே வழி என்றனர். சாச்சா ஒரு தாளில் கையெழுத்திட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரும் படிக்கவில்லை. எம்ஃபில் ஆய்வு செய்துகொண்டிருந்த நானும் படிக்கவில்லை. நினைவு குறித்து எங்களிடம் யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இன்று இம்மருத்துவம் நடைபெறும் முறையைச் சொல்கிறேன். முந்திய இரவு முதல் வெறும் வயிறு. இதயம், இரத்த அழுத்தம் முதலியன சோதிக்கப்படும். காலையில் கையில் ஊசி வழியே மயக்க மருந்து செல்லும், நோயாளர் உறங்கிவிடுவார். பின்பு தசைதளர்த்தி மருந்து செலுத்தப்படும். முகமூடி வழியே உயிர்வளி தரப்படும். பல்லுக்கிடையே மெத்தையான காப்பு வைக்கப்படும். தசைதளர்த்தி செல்லும்முன் ஒரு கணுக்காலில் மட்டும் இரத்த அழுத்தப் பட்டையை இறுகக் கட்டிவிடுவர். மருந்து அப்பாதத்துக்குப் போகாது. உடல் முழுதும் அசையாதிருக்க அந்தப் பாதம் மட்டும் துடிப்பதைப் பார்த்தே வலிப்பு எத்தனை வினாடி நீடித்தது என்று எண்ணுவர். நெற்றிப் பொட்டுகள் இரண்டிலுமோ, வலப்பக்கம் மட்டுமோ மின்வாய்களை வைத்து, துண்டு துண்டான மிகக் குறுகிய துடிப்புகளாகச் சில வினாடிகளே மின்சாரம் செலுத்தப்படும். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அரைமணியில் கண் விழிப்பார். தலைவலி, தாடைவலி, சற்றே குழப்பம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. மொத்தம் 6 முதல் 12 முறை. இவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து மயக்க மருந்தைச் சார்ந்தது. ஒரு இலட்சம் முறை செய்தால் ஏறத்தாழ இரண்டு மரணம் என்று பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பயன் எப்படி? இங்குத்தான் வியப்பு. கடுமையான சோர்வில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர்வரை இதனால் தெளிவாகத் தேறுகின்றனர். முதியவர்களிடத்தும், பொய்யான குற்றவுணர்ச்சியும் மாயக்குரல்களும் சேர்ந்த சோர்விலும் பயன் இன்னும் மிகுதி. மயக்க மருந்து மட்டும் கொடுத்து மின்சாரம் செலுத்தாமல் விட்டவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் பிரிட்டானிய அறிஞர் குழு வெளியிட்ட முடிவு, குறுகிய காலத்தில் உண்மை மருத்துவம் போலி மருத்துவத்தினும் சிறந்தது, மாத்திரைகளினும் சிறந்தது என்பதாகும். எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவியல் இன்னும் முற்றாக வரையறுக்கவில்லை. நரம்பு வேதிப்பொருள்கள் மாறுகின்றன. நரம்பணுக்களை வளர்க்கும் புரதம் ஒன்று கூடுகிறது. நினைவுக்கு நிலைக்களமான மூளைப்பகுதியின் பருமன் சற்று மிகுகிறது எனப் படங்கள் காட்டுகின்றன. மூளை கருகிவிடும் என்பாருக்கு அப்படங்களே விடை.

சாச்சி நான்காம் முறைக்குப் பின், சாயுங்காலம், "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டார். நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதற்கேள்வி. அன்று சாச்சா மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அழுததை நான் கண்டேன். அந்த ஒரு கோப்பைத் தேநீரை அறியாமல் இம்மருத்துவத்தைக் கொடுமை என்று மட்டும் எழுதுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தேறியதோடு கதை முடிவதில்லை. இது நோயின் வேரை அறுப்பதன்று, வெள்ளத்திலிருந்து கரையேற்றுவது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மின்வலிப்பால் தேறியவர்களுக்கு அதன்பின் மருந்தில்லா வெறும் மாத்திரை மட்டும் கொடுத்தபோது ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 84 பேர் மீண்டும் நோயில் வீழ்ந்தனர். தக்க இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது 39 பேரே வீழ்ந்தனர். எனவே தேறியபின் மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. நம் வீடுகளில் நடப்பதோ அதுவே. நலமாகிவிட்டார், இனி எதற்கு என்போம். எங்கள் வீட்டிலும் நடந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி நினைவு. மருத்துவ நூல்கள் இதனை இரண்டாகப் பகுக்கின்றன. மருத்துவம் நடக்கும் வாரங்களில் புதியனவற்றை மனத்தில் இருத்தும் ஆற்றல் குன்றும். காலையில் வந்துபோன உறவினரை மாலையில் மறந்துவிடுவார். இது மருத்துவம் முடிந்த சில வாரங்களில் சீராகிவிடும். 2010இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 84 ஆய்வுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளரின் சோதனை முடிவுகளை ஒன்றுசேர்த்தது. குறைபாடுகள் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்கு உரியவை என்றும், இரு வாரங்களுக்குப் பின் பலரின் கவனமும் சிந்தனையும் சிகிச்சைக்கு முன் இருந்ததினும் மேம்படுகின்றன என்றும் அது கூறியது. சோர்வு நோயே நினைவைக் கெடுக்கும் தன்மையது. சோர்வு விலகவே நினைவும் தெளிகிறது.

மற்றொரு வகை, நடந்து முடிந்தவற்றின் நினைவு அழிதல். இதுவே வலிதரும் பகுதி. 'மூன்றாம் பிறை' (1982) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அதன் இறுதிக் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். நினைவு மீண்ட பெண், தன்னைக் காத்தவனையே அறியாதவளாய்ப் புகைவண்டியில் சென்றுவிடுகிறாள். அது விபத்தின் கதை. மின்வலிப்பின் கதை அன்று. ஆனால் ஒருவரின் வாழ்வில் ஒரு பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டதுபோல் ஆவது எத்தகையது என்பதை உணர அது உதவும். மின்வலிப்பில் ஆளையே மறக்கும் அளவுக்கு அழிவது வழக்கமன்று. மருத்துவத்துக்கு முந்திய சில வாரங்கள், சில மாதங்கள் ஆகியவற்றின் நிகழ்ச்சிகளே மிகுதியும் அழிகின்றன. பழையது நிலைக்கும், அண்மையது உதிரும். ஸ்குவயர் என்னும் அமெரிக்க அறிஞர் 1970களில் இதனைச் சோதித்த விதம் சுவையானது. ஒரே ஒரு பருவம் மட்டும் ஒளிபரப்பாகி நின்றுபோன தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்களைக் கேட்டார். எந்த ஆண்டில் பார்த்தது என்பது தெளிவாகத் தெரியுமல்லவா? அண்மை ஆண்டுகளின் தொடர்களை நோயாளர் மறந்திருந்தனர். அவற்றினும் பழையவற்றை நினைவில் வைத்திருந்தனர்.

உதிர்ந்தவற்றுள் பல, மாதங்கள் செல்லச் செல்ல மீள்கின்றன. சில மீள்வதேயில்லை. எத்தனை பேருக்கு என்பதில் மருத்துவர்க்கும் நோயாளர்க்கும் நெடுநாள் வழக்கு. சோதனைத் தாள்களில் எல்லாம் சரியாகிவிட்டது என்றனர் மருத்துவர். 2003இல் பிரிட்டானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நோயாளர்களின் வாய்மொழிகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த நினைவிழப்பைச் சொல்கிறார் என்றது. இரண்டுமே உண்மை என்பதே என் எண்ணம். மருத்துவரின் தாள் சொற்பட்டியலையும் எண்களையும் கேட்கிறது, "உன் மகளின் நிக்காஹில் யார் வந்தார்?" என்று கேட்பதில்லை. 2007இல் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளில் செய்த ஆய்வுதான் இவ்வழக்கைப் பெருமளவு தீர்த்தது. பொட்டுகள் இரண்டிலும் மின்வாய் வைத்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் தம் வாழ்க்கை நினைவுகளில் இழப்பு மிகுதி. வலப்பக்கம் மட்டும் வைத்தவர்களுக்குக் குறைவு. மின்வாய் வைக்கும் இடம், துடிப்பின் அகலம், வாரத்துக்கு எத்தனை முறை என்பனவெல்லாம் இழப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. கையெழுத்திடுமுன் குடும்பத்தார் கேட்கவேண்டிய கேள்விகளும் இவையே.

எழுத்தாளர் ஹெமிங்வே இந்த இழப்புக்கு அஞ்சியவர். 1960 டிசம்பர் முதல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இம்மருத்துவம் பெற்றார். தன் எழுத்துக்கு முதலாகிய நினைவே போய்விட்டது என்று நொந்தார். 1961 ஜூலையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அவருக்கு நோயும் கடுமை, குடியும் கடுமை. மரணத்துக்கு மருத்துவத்தை மட்டும் காரணமாக்குவது முறையன்று. சில்வியா பிளாத் என்னும் பெண் கவிஞரோ இருமுகங்களையும் கண்டவர். 1953இல் ஓரிடத்தில் மயக்க மருந்தின்றிக் கொடுத்தபோது அது அவருக்குக் கொடுங்கனவாயிற்று; அதே ஆண்டு வேறொரு மருத்துவமனையில் முறையாகக் கொடுத்தபோது நோய் தணிந்து கல்லூரிக்குத் திரும்பினார். தமிழில் மனநோயை உள்ளிருந்து எழுதியவர்கள் சிலரே. கோபி கிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்க'ளும் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுக'ளும் நம் மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டியவை. பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காகப் படிக்காமல் இருக்கலாகாது.

சாச்சி வீடு திரும்பியபின் ஒருநாள் நிக்காஹ் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் புடவை யாரு எடுத்தது? நான் உடுத்தியிருக்கேனே?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மகளுக்குத் திருமணம் ஆனது தெரியும், மருமகனைத் தெரியும், ஆனால் அந்த நாள் அவருக்குள் இல்லை. வலிமா விருந்தில் பந்தி பந்தியாக நின்று பரிமாறியவர் அவரே. ஒரு பிடிச் சோறும் அதிலிருந்து அவருக்கு எஞ்சவில்லை. அதேவேளையில் சிறுவயதில் மனனம் செய்த யாஸீன் அத்தியாயத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் ஓதினார். பனியாரத்துக்கு மாவு கரைக்கும் பதம் கை அறிந்திருந்தது. தன் தாயார் பாடிய தாலாட்டு முழுதும் வந்தது. ஆழப் படிந்ததை மின்வலிப்பு தொடுவதில்லை என்று நூல்களில் படித்ததை என் கண்ணால் கண்டேன். மகள் மட்டும் நெடுநாள் வருந்தினாள். "உம்மாவுக்கு என் கல்யாணம் தெரியாதாம்" என்று அவள் சொன்னபோது யாரும் மறுமொழி சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஏர்வாடியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம்மூரிலிருந்து வடக்கே சென்றால் வேம்பார், சாயல்குடி கடந்து வருவது அவ்வூர். மனநோயாளரைத் தர்காவுக்கு அழைத்துவந்து, அருகிலிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுச்செல்லும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டனர். எந்த மதத்தினர், எந்த ஊரினர் என்று பாராமல் தீ அவர்களை விழுங்கியது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு அவ்வகைக் காப்பகங்களை மூடியது. அதே 2001இல் சார்த்தக் என்னும் அமைப்பு, மயக்க மருந்தின்றி மின்வலிப்புக் கொடுப்பதைத் தடைசெய்யுமாறு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நம் நாட்டின் பல மருத்துவமனைகளில், மயக்கவியல் மருத்துவர் இல்லை, பணம் இல்லை என்ற காரணங்களால் அந்தப் பழைய முறை தொடர்ந்துகொண்டிருந்த காலம் அது.

இவ்விரண்டு துயரங்களும் ஒரே சட்டப்பிரிவில் வந்து சேர்ந்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 95ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசைதளர்த்தியும் இல்லாமல் மின்வலிப்புக் கொடுப்பதைத் தடுக்கிறது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. வயது நிரம்பாதவர்க்கு மின்வலிப்பு வேண்டுமாயின் பாதுகாவலரின் ஒப்புதலோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் பெறவேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரால் இதனைக் கொடுத்துவிடவும் இயலாது. நோயாளர் தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தமக்கு எந்த மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று எழுதிவைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். சட்டம் காகிதத்தில் இருப்பது வேறு, வார்டில் இருப்பது வேறு என்பது மெய்யே. ஆயினும் கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

ஓதிப் பார்ப்பதும் மருத்துவம் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நம் பெரியவர் சிலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு இல்லை. கெய்ரோவில் 1284இல் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதி இருந்தது. அதற்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதி, காரணமுள்ள சோகத்தையும் காரணமறியாச் சோகத்தையும் பிரித்துக் காட்டினார். என் மாணவர் மெய்ப்பாட்டியல் வகுப்பில் கேட்ட வினாவும் அதுவே. நோய்க்கு மருந்து தேடுமாறு பெருமானார் பணித்ததையும் நாம் அறிவோம். அதே ஏர்வாடியில் பின்னாளில் துஆவோடு மருந்தும் சேரும் வகையில் அரசு மருத்துவர்கள் வந்து சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

மின்வலிப்புக்கு மாற்றாகப் புதியனவும் வருகின்றன. 2023இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மாயக்குரல் முதலியன இல்லாத, மாத்திரைக்கு அடங்காத சோர்வில் கீட்டமின் என்னும் மயக்க மருந்தைச் சிற்றளவில் செலுத்தியபோது நூற்றுக்கு 55 பேர் தேறினர். மின்வலிப்பில் 41 பேர். நினைவிழப்பும் கீட்டமினில் குறைவு. மிகக் கடுமையான நோயாளர்க்கு இது பொருந்துமா என்பது தனிக்கேள்வி. அவர்களுக்கு மின்வலிப்பே இன்றும் முதலிடத்தில் நிற்கிறது.

2019இல் சாச்சிக்கு நோய் திரும்பியது. மாத்திரையை நிறுத்தி ஓராண்டாகியிருந்தது. நிறுத்தச் சொன்னது நாங்கள்தாம். இம்முறை வேறு மருத்துவமனை. பேசும் நிலையில் இருக்கும்போதே அழைத்துச் சென்றோம். மருத்துவர் அரைமணி நேரம் எதிரில் அமர்ந்து நினைவு குறித்தும் சொன்னார். சாச்சி கேட்டது ஒன்றே: "போன தடவை மாதிரி ஒரு நாள் காணாமப் போகுமா?" போகலாம் என்றார் அவர், வலப்பக்கம் மட்டும் வைத்துத் தொடங்குவோம், குறையும் என்றும் சொன்னார். சாச்சி தம் கையாலேயே கையெழுத்திட்டார். தம் சார்பில் பேச இளைய மகளை நியமித்தார்.

மருத்துவம் தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரச்சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பேரன் குர்ஆன் முதல் ஜுஸ்உ முடித்த நாள்; அன்று யார் யார் வந்தனர்; மேல்வீட்டுக்காரர் தரவேண்டிய இரண்டாயிரம் ரூபாய்; மழையில் இடிந்த பின்சுவர்; மகள் அவருக்கென்று கொண்டுவந்த கருநீலப் புடவை. மொத்தம் 43 குறிப்புகள். ஒன்பது முறை மருத்துவம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைக் கையில் கொடுத்தோம். பென்சிலால் குறியிட்டுக்கொண்டே படித்தார். 43இல் 32ஐ நினைவிருக்கிறது என்றார். புடவை நினைவில் இல்லை. மேல்வீட்டுக்காரரின் கடனை நான் இரண்டாயிரம் என்று எழுதியிருந்தேன். அதனை அடித்து இரண்டாயிரத்து ஐந்நூறு என்று திருத்தினார். விசாரித்தோம். அவர் சொன்னதே சரி.